தாலிக்கு ஒரு மேற்கோள்

தாலியைக் கழற்றமாட்டேன் என்று அந்த அக்கா சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பொய் சொல்வானேன்? நான் ரேடியோகிராஃபராகப் படம் எடுக்கும் எம்ஆர்ஐ அறையில் காலையிலிருந்தே ஒன்று மாற்றி ஒன்று தகராறு. ஒருவர் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். இன்னொருவர் குழாய்க்குள் பாதி போன பிறகுதான் தனக்கு மூடிய இடம் என்றால் பயம் என்று ஞாபகம் வந்து அலறினார். அவருக்கு அடுத்து இவர்.

எங்கள் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்திலிருந்து வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் நரம்பு நசுங்கி வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. தம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை. கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்காமல் அறுவை சிகிச்சையைப் பற்றி டாக்டரால் முடிவு எடுக்க முடியாது. தள்ளிப்போட்டால் கை திரும்பாமலே போகலாம். இதையெல்லாம் டாக்டர் அவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

எம்ஆர்ஐ என்பது அடிப்படையில் ஒரு பெரிய காந்தம். உலோகம் உள்ளே போகக்கூடாது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது வாஸ்தவம்தான். ஆனால் கொக்கியில் என்ன கலந்திருக்கிறதோ, யார் கண்டது? சூடாகலாம். அதோடு, கழுத்தைப் படம் எடுக்கும்போது கழுத்திலேயே சங்கிலி கிடந்தால் படம் பாழ்.

"அரை மணி நேரம்தான்க்கா. லாக்கர்ல வச்சுப் பூட்டிடலாம்," என்றேன்.

"அவரு மேல வார்டுல நெஞ்சு வலின்னு படுத்திருக்காரு. இந்த நேரத்துல போயி நான் தாலியக் கழட்டவா மிஸ்ஸி?" என்றவர் (இங்கே ஆஸ்பத்திரிப் பெண்கள் எல்லாரும் மிஸ்ஸிதான்), என் கழுத்தைப் பார்த்தார். "உங்க கழுத்துலயே ஒண்ணும் இல்ல. உங்களுக்கு எங்க தெரியப்போவுது!"

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கும் கல்யாணம் ஆயிருக்குக்கா. நாங்க வேதக்காரங்க. எங்க தாலியில சிலுவை இருக்கும். இந்த ரூமுக்குள்ள போட்டுக்க முடியாதுன்னு தினம் கழட்டி வச்சிட்டு வர்றேன்."

"தினமுமா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரே தவிர, மனம் மாறவில்லை. படம் எடுக்காமலே கிளம்பிப் போய்விட்டார். போகும்போது கைப்பையைத் தோளில் மாட்ட முடியாமல், இடது கையால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் என் கோபம் பொசுக்கென்று அணைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "அந்தம்மா கணக்குப்படி பாத்தா, எனக்கு தினம் காலையில உயிர் போயி சாயங்காலம் வருது லா," என்றார். சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். எங்கள் மாடியிலேயே பக்கத்து வீட்டில் குடியிருக்கும் இந்துப் பெண் ஒருவர் தாலிச்சங்கிலியைப் பற்றவைக்கக் கொடுத்தபோது, முதலில் மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் தங்கத்தைக் கழற்றினார். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கவில்லை. வெறும் நூலும் கிழங்கும்! காந்தத்துக்கு அதனோடு என்ன பகை? உடை மாற்றும் அறையில் நாமே மஞ்சள் கயிறு வாங்கி வைத்தால் என்ன?

மறுநாள் எங்கள் தலைமை ரேடியோகிராஃபரிடம் போய்ச் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி. நல்லவர், ஆனால் கறார். கேட்டுவிட்டு, "நல்ல யோசனை. ஆனால் அந்த நூலில் என்ன இருக்கிறது? உள்ளே பாதுகாப்பா? இந்த வழக்கம் எல்லாருக்கும் பொதுவா? பாதுகாப்புக் குழு என்னைத்தான் கேட்கும்," என்றார்.

"நானே தமிழ்தானே?" என்றேன்.

"நீ தமிழ். ஆனால் நீ மேற்கோள் இல்லை. உன் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. நம்பகமான ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டு வா. அந்த நோயாளிக்கு மாதக் கடைசியில் மறுபடி நேரம் போட்டிருக்கிறேன். அதற்குள் கொண்டு வந்தால் அவருக்கே முதலில் செய்யலாம்."

மஞ்சள் கயிற்றுக்கு மேற்கோள் கேட்கிறாரே, நாளைக்குச் சோறு வெந்ததற்கும் கேட்பாரோ என்று முணுமுணுத்துக்கொண்டே மருத்துவமனை நூலகத்துக்குப் போனேன்.

எங்கள் நூலகர் தமிழ் முஸ்லிம். அவருடைய பாட்டனார் காலத்திலேயே கடலோர ஊரிலிருந்து கப்பலேறி வந்து இங்கே துணிக்கடை வைத்த குடும்பம். என்னைவிட மூத்தவர் என்பதால் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். கழுத்தில் எப்போதும் கருகமணி போட்டிருப்பார், அவர்களுக்கு அதுதான் தாலி. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த மணியை விரலால் உருட்டிக்கொண்டு, "பயாப்ஸி எடுத்தப்ப இதக் கழட்டச் சொன்னாங்க, நானும் ஒரு பாட்டம் அழுதேன். வா, தேடுவோம்," என்றார்.

தேடியதும் வந்து கொட்டியது. நோயாளியின் பண்பாட்டை அறிந்து பணி செய்வது பற்றி உலகம் பூராவும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவை வார்டில் இருக்கும் தாதியருக்கு. படம் எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு என்று பார்த்தால் சுருங்கிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும், முக்காட்டுக்கு மரியாதை வேண்டும், பெண்ணுக்குப் பெண் ஊழியர் வேண்டும் என்பவை கிடைத்தன. தாலி என்று வந்தால் போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரியும் எல்லாவற்றிலும் ஒரே வரி: இந்துப் பெண்கள் கணவர் இறந்தால் ஒழிய அதைக் கழற்றமாட்டார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா லாத்தா, எத்தனை பேரு சொல்லியிருக்காங்க!"

"எத்தனை பேரு சொன்னாங்கங்கறத விடு. யாரக் கேட்டுச் சொன்னாங்க?" என்றார்.

ஒரு கட்டுரை காட்டிய மேற்கோளைத் திறந்தோம். அது இன்னொரு கட்டுரையைக் காட்டியது. அது மூன்றாவது ஒன்றை. அதைத் தேடிப் பிடித்துத் திறந்தால், யாரோ தன் மனத்தில் பட்டதை எழுதிய கருத்துப் பத்தி. ஒரு பெண்ணைக்கூடக் கேட்டதாகத் தகவல் இல்லை.

லாத்தா சிரித்துவிட்டார். "ஒருத்தன் கருப்பா வாந்தி எடுத்தானாம். அது நாலு வாய் மாறி, காக்கா காக்காவா வாந்தி எடுத்தான்னு ஆச்சாம். இங்க வந்து பாரு, ஒவ்வொரு காக்காவுக்கும் அடிக்குறிப்பு போட்டிருக்கான்."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தார். ஆட்களை நேரில் கேட்டார்களா, என்ன கேட்டார்கள், துறை தெரிந்த வேறு யாராவது படித்துச் சரிபார்த்த பிறகுதான் வெளியானதா. சில இதழ்களின் பெயரைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "இவன் காசு குடுத்தா கல்யாணப் பத்திரிகையையும் ஆய்வுன்னு போடுவான்," என்று தள்ளினார். நான் சேர்த்து வைத்த பெரிய கட்டு கண் முன்னாலேயே இளைத்துக்கொண்டே வந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டா எப்படி? நிறைய இருந்தாத்தானே எடுபடும்?" என்றேன்.

"பந்திக்கா ஆள் சேக்குறே? நாலு பேரு வந்தாலும் நல்லவனா வரணும்."

மிஞ்சியவை கைப்பிடிதான். காந்த அறைக்குள் எந்தத் துணி, எந்த நூல் போகலாம் என்பதற்கு உறுதியான சான்றுகள் இருந்தன. மதச் சின்னங்களைக் கழற்றச் சொல்லும் முன் நோயாளியிடம் பேச வேண்டும் என்பதற்கும் ஓரளவு இருந்தன. மஞ்சள் கயிற்றை மாற்றாகக் கட்டுவதைப் பற்றி நேரடியாக எதுவுமே அகப்படவில்லை. லாத்தா என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? "இதுபற்றி நேரடி ஆய்வு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எடுத்த எடுப்பிலேயே எழுதச் சொன்னார்.

"அத எழுதினா அங்கயே குப்பையில போட்டுடுவாங்க லாத்தா!"

"இல்லாதத இருக்குன்னு எழுதினா, நாளைக்கு உன்னையும் ஒரு காக்கா மேற்கோள் காட்டும். எழுது."

எழுதினேன். மனசே இல்லாமல் எழுதினேன்.

நூலைப் பற்றிய கேள்விக்கு மட்டும் புத்தகம் போதாது, பொருளும் வேண்டும். சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை. கடைக்காரர் நூல்கண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, "வீட்ல கல்யாணமாங்க?" என்றார்.

"இல்லண்ணே. இது காந்தத்துக்குள்ள போகணும்."

அவர் ஒரு மாதிரி பார்த்தார். பேச்சுக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. பளபளப்புக்காகச் சரிகை கலந்த கயிறுகளைத் தனியாக ஒதுக்கி, சுத்தப் பருத்தியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். பச்சை மஞ்சள், காய்ந்த மஞ்சள் இரண்டும் வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, "என் வீட்டுக்காரிக்கும் இடுப்பு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. உங்க ஆஸ்பத்திரிக்கே அனுப்புறேன்," என்றார்.

தலைமை ரேடியோகிராஃபர் சோதித்துப் பார்க்க அனுமதி கொடுத்தார். நோயாளிகள் யாரும் இல்லாத நேரத்தில், தண்ணீர் நிரப்பிய சோதனை உருளை ஒன்றின் மேல் கயிற்றையும் மஞ்சளையும் வைத்துப் படம் எடுத்தோம். பச்சை மஞ்சளில் ஈரம் இருப்பதால் அது படத்தில் குண்டு மிளகாய் மாதிரி தெரிந்தது. காய்ந்த மஞ்சளும் நூலும் இருக்கிற இடமே தெரியவில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "காய்ந்தது மட்டும்," என்று குறித்துக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பட்டாசு வெடித்தது.

அடுத்த வாரம் ஒத்திகை. நான் எழுதிக் கொடுத்த வழிமுறையைத் தலைமை ரேடியோகிராஃபர் செப்பனிட்டு, அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். நான் நோயாளியாக நடிக்க வேண்டும். எங்கள் பிரிவின் மலாய் ஊழியர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஊழியராகவே நடிக்க வேண்டும். மேற்கோள்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல லாத்தாவும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அவர் வணக்கம் சொன்னார், உலோகம் உண்டா என்று கேட்டார், ஏன் கழற்ற வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே மஞ்சள் கயிற்றை இரண்டு கையாலும் எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கழுத்தை நோக்கிக் கொண்டுவந்தார்.

"ஐயையோ!" என்று லாத்தா எழுந்தேவிட்டார்.

நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். "அடப்பாவி, என் புருஷன் ஆங் மோ கியோவுல உயிரோட இருக்கார் லா!"

அவர் கயிறும் கையுமாக அப்படியே நின்றார். தாளை வாங்கிப் பார்த்தோம். விரல் மரத்துப்போன நோயாளிக்குக் கயிற்றைக் கட்டிக்கொள்ள முடியாதே என்று இரக்கப்பட்டு, "ஊழியர் கயிற்றைக் கழுத்தில் கட்டி உதவுவார்" என்று ஒரு வரியைத் தலைமை ரேடியோகிராஃபரே சேர்த்திருந்தார். மருத்துவமனையில் எந்த வேலைக்கும் பொருந்துகிற நல்ல வரிதான். ஆனால் ஓர் ஆண்பிள்ளை மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கழுத்துக்கு வந்தால் எங்கள் ஆட்களிடம் அதற்குப் பெயரே வேறு. விளக்கிச் சொன்னதும் அந்த மலாய்க்காரர் கயிற்றைச் சுடுகிறாற்போல மேசையில் போட்டார். "என் மனைவி என்னைக் கொன்றுவிடுவாள்," என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

தலைமை ரேடியோகிராஃபர் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. "நீ கொடுத்த கட்டுரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றிலும் இது இல்லையே," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அப்படியானால் யார் கட்டலாம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததை யோசித்துப் பார்த்தேன். எங்கள் தேவாலயத்தில் பாதிரியார் தாலியை மந்திரித்து ஆசீர்வதிப்பார், மாப்பிள்ளை கட்டுவார், அத்தோடு சரி. அதை மாற்றிக் கட்டுவதற்கு என்ன முறை என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் கட்டிக்கொண்டதைப் பார்த்தேனே தவிர, கேட்கவில்லை. நான் தமிழ், ஆனால் மேற்கோள் இல்லை என்று அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, அவர் சொன்னது சரி என்பதால்.

சரி, கேட்டுவிட வேண்டியதுதான் என்று கட்டடத்தில் வேலை பார்க்கும் இந்துப் பெண்களிடம் போனேன். வார்டுத் தாதி ஒருவர், நானே கட்டிக்கொள்வேன், அதில் என்ன என்றார். வரவேற்பு மேசையில் இருந்தவர், வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும், வேறு யார் கை பட்டாலும் சம்மதிக்கமாட்டேன் என்றார். கேன்டீனில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர், "கயிறும் வேணாம் ஒண்ணும் வேணாம். கழட்டிப் பையில போட்டுட்டுப் போயிடுவேன். மனசு சுத்தமா இருந்தாப் போதும் லா," என்றார்.

ஆளுக்கு ஒரு நியாயம் சொல்கிறார்களே, இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். தலைமை ரேடியோகிராஃபர் கேட்டுவிட்டு, சேர்த்த வரியை அடித்தார். "நோயாளியைக் கேட்க வேண்டும். யார் கட்டுவது என்பது அவர் விருப்பம். ஊழியர் கட்டக்கூடாது" என்று எழுதினார். "நேரடி ஆய்வு கிடைக்கவில்லை" என்ற வரியைப் பார்த்து என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அதை முதல் பக்கத்திலேயே விட்டுவைத்தார். "எல்லாம் தெரியும் என்று வருகிற தாள்களைத்தான் குழு துருவித் துருவிக் கேட்கும். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்," என்றார். அப்படியே நடந்தது. குழு கேள்வி கேட்டது, அவர் பதில் சொன்னார், அனுமதி வந்தது. லாத்தாவுக்கு ஒரு டப்பா பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். "கைப்பிடிதான் இருக்கு. நிறைய இருந்தாத்தானே எடுபடும்?" என்று நான் சொன்னதையே சொல்லிக் கிண்டல் செய்துகொண்டு சாப்பிட்டார்.

அந்த அக்காவுக்கு நானே போன் செய்தேன். எடுத்ததும், "கழட்டறதுன்னா நான் வரல மிஸ்ஸி," என்றார்.

"கேளுங்கக்கா. முதல்ல மஞ்சக் கயிறு ஏறட்டும். அதுக்கப்புறம் தங்கம் இறங்கட்டும். கயிறோடயே உள்ள போகலாம். பெர்மிஷன் வாங்கியாச்சு."

"யாரு கட்டுவா?"

"அது உங்க இஷ்டம். நாங்க கட்டமாட்டோம்."

"நீங்க எப்படிக் கட்டுவீங்க!" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். "அவரு இப்ப வீட்டுக்கு வந்துட்டாரு. கூட்டிட்டு வரலாமா?"

"தாராளமா கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். கணவர் ஒடிசலான மனிதர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சோர்வு முகத்தில் இன்னும் இருந்தது. உடை மாற்றும் அறைக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டுத் திரையை இழுத்துவிட்டேன். கயிறும் காய்ந்த மஞ்சளும் ஒரு தட்டில். திரைக்குள் அவர் முதல் முடிச்சைப் போட்டார்.

"மிச்ச முடிச்சு எங்க அக்கா போட்டா, அன்னிக்கு. இப்ப எல்லை தாண்டி ஜோகூர்ல இருக்கா. வரச் சொல்லவா?" என்று திரைக்குள்ளிருந்து கணவர் குரல் கேட்டது.

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள என் கழுத்தே சரியாயிடும். நீங்களே போடுங்க."

கயிறு ஏறிய பிறகு திரையை விலக்கி நான் போனபோது, சங்கிலியின் கொக்கியை அந்த அக்கா தானே கழற்றப் பார்த்தார். வலது கை விரல்கள் அதைப் பிடிக்கவே இல்லை. நழுவியது, மறுபடி நழுவியது. கடைசியில் அவர் கணவர்தான் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் படுத்தவர், இயந்திரம் அத்தனை சத்தம் போட்டும் ஆடாமல் அசையாமல் கிடந்தார். படங்கள் பளிச்சென்று வந்தன. நரம்பு எங்கே நசுங்கியிருக்கிறது என்பது கொஞ்சமும் குழப்பமில்லாமல் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த என் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் மூக்கு சிவந்துவிடும், அதனால் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்கள் கழித்து, எப்படி ஆறியிருக்கிறது என்று பார்க்க மறுபடி எங்களிடம் படத்துக்கு அனுப்பினார்கள். இந்த முறை வீட்டிலேயே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கயிற்றைவிட இது நல்ல கயிறு என்று எனக்கு ஒரு குட்டு வேறு. சரிகை இல்லை என்று பார்த்துவிட்டு, கொக்கியைக் கழற்றித் தரச் சொல்லி அவர் கணவரைக் கூப்பிடப் போனேன்.

"அவர எதுக்குக் கூப்பிடுறீங்க? நில்லுங்க," என்றார்.

வலது கையைப் பிடரிக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தேடினார். க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

"நானே கழட்டிட்டேன் மிஸ்ஸி!" என்று தாலிச்சங்கிலியைத் தூக்கிக் காட்டினார்.